கோழிக்கு நல்ல சரக்கு, மூட்டையில் பாதித் தகவல்தான்

வேலூர் லாங் பஜாரில் ஒரு தீவனக் கடையில் வாங்கிய சிப்பித் தூள், 5 கிலோ மூட்டை. வீட்டில் கோழி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சரக்கில் குறை சொல்ல முடியாது. நம்ம ஊர் வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தால் முட்டை ஓடு மெலிந்துவிடும். எடுக்கும்போதே விரல் உள்ளே போகும். இதைத் தனித் தட்டில் வைத்த பிறகு ஓடு தடித்திருக்கிறது. பெயர்தான் தூள், உள்ளே இருப்பது உளுந்து அளவுத் துண்டுகள். அதுதான் நல்லது. பெரிய துண்டு இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்க மெல்லக் கரையும், முட்டைக்கு ஓடு கட்டுவதும் ராத்திரியில்தான். தீவனத்தில் கலக்காதீர்கள். முட்டையிடும் கோழி வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும், சேவல் அதிகம் சீண்டாது. மூட்டை அடியில் தங்கிய தூசியை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டேன்.

பிடிக்காதது வேறு. மூட்டையில் 'கடல் சிப்பி' என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். எந்த ஊர்ச் சிப்பி, தின்றுவிட்டுப் போட்ட ஓடா, கழிமுகத்தில் தோண்டியதா? கடையில் கேட்டால், "கோழியே கேக்கல, நீங்க இன்னா சார் கேக்கறீங்க?"

ஏன் கேட்கிறேன் என்றால், முத்துச்சிப்பிக்குப் பார் (கடலடியில் அவை கூட்டமாக வாழும் திட்டு) இருப்பது போல ஆளிக்கும், அதாவது ஆய்ஸ்டர் என்கிற சிப்பிக்கும் உண்டு. ஆளிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்துவிட்டு, கெட்டியான ஏதாவதில் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஆயுசைக் கழிக்கும். அதற்கு வாகானது பழைய ஆளி ஓடு. ஓட்டை வாரிவிட்டால் மிஞ்சுவது சேறு. குஞ்சு எங்கே ஒட்டும்? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் அப்படித்தான் வாரினார்கள். ஓடு சாலைக்கும் சுண்ணாம்புக்கும் போனது, கோழித் தீவனத்துக்கும்தான். உலகம் முழுக்க ஆளிப் பார்களில் சுமார் 85 சதவீதம் போய்விட்டதாக 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது. தண்ணீரை வடிகட்டும் ஆளே போன மாதிரி. சூழல் வாகாக இருந்தால், முழுதாக வளர்ந்த ஓர் ஆளி ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை வடிகட்டுமாம்.

நியூயார்க்கில் 'பில்லியன் ஆய்ஸ்டர் ப்ராஜெக்ட்' என்று 2014இல் தொடங்கினார்கள். உணவகங்களில் மிஞ்சும் ஓட்டை வாங்கிக் காயவைத்து, குஞ்சை ஒட்டவிட்டுத் துறைமுகத் தண்ணீரில் இறக்குகிறார்கள்.

சரி, தரத்துக்கு நான்கு நட்சத்திரம். மூட்டையில் ஊர்ப் பெயர் போட்டால் ஐந்தாவதும் உண்டு. அதுவரை அதே கடையில் சுண்ணாம்புக்கல் குருணை வாங்கிக்கொள்கிறேன். விலையும் குறைவு, கோழிகளும் ஒன்றும் சொல்லவில்லை.