குவாய் ஆற்றுப் பாலம்: வட்டில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் ப்ளூரே வட்டை வாங்கி வந்து ஓடவிட்டபோது, தொடக்க எழுத்துகளில் நான் தேடியது இரண்டு பெயர்களை. 1957இல் படம் வெளியானபோது, திரைக்கதை என்ற இடத்தில் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயர் மட்டுமே இருந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத அவருக்கே திரைக்கதைக்கான ஆஸ்கரும் கொடுக்கப்பட்டது. உண்மையில் அதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும், தேசத்துரோகிகளைத் தேடி அமெரிக்கா தன் வீட்டையே சல்லடை போட்டுச் சலித்த காலத்தில், கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தில் ஹாலிவுட் வேலை கொடுக்க மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் விழுந்தவர்கள். இருவரும் இறந்த பின், 1980களில்தான் விருது அவர்கள் பெயருக்கு மாறியது. மறுசீரமைத்த பிரதியில் அந்தப் பெயர்கள் வந்துவிட்டன. ஒளிப்பதிவும் நன்றாக மீட்கப்பட்டிருக்கிறது. காட்டின் பச்சையும் சட்டையில் காய்ந்த வியர்வையின் உப்புக்கோடும் தெளிவாகத் தெரிகின்றன. நான் வாங்கிய வட்டில் தமிழ்த் துணையுரை இல்லாதது மட்டும் குறை.

கதை தெரிந்ததுதான். 1943இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில் உள்ள ஜப்பானியப் போர்க்கைதி முகாமுக்குப் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சீட்டியடித்தபடி வந்து சேர்கிறது. அதிகாரிகளும் உடலுழைப்பில் இறங்க வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. ஜெனீவா ஒப்பந்தம் அதை அனுமதிக்கவில்லை என்று கையில் உள்ள சிறு புத்தகத்தை நீட்டுகிறார் கர்னல் நிக்கல்சன். அதே புத்தகத்தால் அவர் முகத்தில் அறை விழுகிறது. பிறகு தகரக் கூண்டில் அடைத்து வெயிலில் வேகவிடுகிறார்கள். அதிலிருந்து வெளியே வந்து, கால்கள் பின்னிக்கொள்ள, ஆனால் முதுகு வளையாமல் நிக்கல்சன் நடக்கும் அந்தச் சில அடிகளுக்காகவே அலெக் கின்னஸுக்கு விருது கொடுத்திருக்கலாம். இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டுவந்த தம் மகனின் நடையை நினைவில் வைத்தே அதை நடித்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை பார்த்தபோது என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவர் செஸ்யூ ஹயகாவாவின் சைட்டோதான். மே 12க்குள் பாலம் முடியாவிட்டால் அவர் தற்கொலை செய்துகொள்ள வேண்டும். கைதியோ பணிய மறுக்கிறார். 1905இல் ரஷ்யாவை ஜப்பான் வென்ற நாளின் நினைவாகப் பொதுமன்னிப்பு அளிப்பதாகக் கூறி நிக்கல்சனை விடுவிக்கிறார் சைட்டோ. வெளியே கைதிகளின் ஆரவாரம். குடிசைக்குள் தனியாகப் படுக்கையில் கிடந்து விம்முகிறார் அவர். தேசப் பெருமை என்பது தோல்வியை மறைக்கும் துணியாக எப்படிப் பயன்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதே துணியை அடுத்து நிக்கல்சன் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். பிரிட்டிஷ் வீரனின் திறமையைக் காட்ட வேண்டும் என்று தொடங்கியவர், எதிரியின் படைகளையும் தளவாடங்களையும் பர்மாவுக்கு ஏற்றிச்செல்லப்போகும் பாலத்தைப் பிள்ளை வளர்ப்பது போல வளர்க்கிறார். அதிகாரிகள் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்பதற்காக உயிரையே பணயம் வைத்த அவர், கடைசியில் கெடுவுக்குள் முடிக்க அதே அதிகாரிகளை வேலைக்கு இறக்குகிறார். நோயாளிகள் படுத்திருக்கும் கொட்டகைக்கே போய், லேசான வேலை செய்யக்கூடியவர்கள் உண்டா என்று கேட்கிறார். மருத்துவர் கிளிப்டன் மட்டும் இது எதிரிக்குத் துணைபோவது ஆகாதா என்று கேட்கிறார். வில்லியம் ஹோல்டன் நடித்த அமெரிக்கக் கைதி தப்பிச் செல்வதும் மருத்துவமனைக் காதலும் வரும் பகுதியில், தேநீர் போட எழுந்து போனால் பெரிய நட்டமில்லை.

ஆனால் நிக்கல்சனைப் பிடித்த நோய் படத்தையும் பிடித்திருக்கிறது. ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரர் வந்துதான் இடத்தையே சரியாகத் தேர்ந்தார் என்று கதை சொல்வது வெறும் கற்பனை. சயாமின் காஞ்சனபுரி அருகே கட்டப்பட்ட உண்மையான பாலங்கள் இரண்டு, ஒன்று மரத்தாலானது, மற்றொன்று இரும்பாலானது. இரண்டும் ஜப்பானியப் பொறியாளர்களின் திட்டப்படி எழுந்தவை, 1945இல் விமானக் குண்டுவீச்சில் சேதமடையும் வரை பயன்பட்டவை. அங்கே பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி நிக்கல்சனைப் போன்றவர் அல்லர். அவருடைய ஆட்கள் மரச்சட்டங்களில் கறையானைக் கொண்டுவந்து விட்டதும் காங்கிரீட்டை மோசமாகக் கலந்ததும் பதிவாகியுள்ளன. படத்தைப் பார்த்து அவர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு அது கண்ணில் குத்துகிறது. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்த ரயில் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. சாவும் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்று பிழைப்பற்றுக் கிடந்த தோட்டங்களில் கூலி தருவதாக ஆசைகாட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும், சரக்கு ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். போர்க்கைதிகளுக்கு இருந்த இராணுவ மருத்துவரோ, கணக்கு வைக்க அதிகாரியோ இவர்களுக்கு இல்லை. வாந்திபேதி வந்தபோது கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள். கம்பிச் சடக்கு (ரயில் பாதை) போட சயாமுக்குப் போனவர் என்றால், எங்கள் பெரியவர்கள் பேச்சில், திரும்பி வராதவர் என்றே பொருள். சென்ற மாதம் என்னுடன் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்த என் பெரியம்மா, பாதிப் படம் ஓடிய பிறகு, “நம்ம ஆளுங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டார். வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுச் சமாளித்தேன்.

படப்பிடிப்பு நடந்தது சயாமில் அன்று, இலங்கையின் கித்துல்கல அருகே களனி ஆற்றில். 1957 மார்ச்சில் பாலத்தை ரயிலோடு சேர்த்து வெடித்துத் தகர்த்ததைப் பிரதமர் பண்டாரநாயக்க நேரில் வந்து பார்த்தார். தனிச் சிங்களச் சட்டத்தை அவர் நிறைவேற்றி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

வட்டை வாங்கலாமா என்றால், வாங்கலாம். வீம்பு ஒரு நேர்மையான மனிதனைப் படிப்படியாக எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்கு இணையான படம் குறைவு. சயாம் மரண ரயிலைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல நினைத்து வாங்குபவர்கள் மட்டும், அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.