டம்பா, பிடிஐயா? சர்வீஸ்நவ் ரிஸ்க் தேர்வுக்குப் படித்த கதை

நிறுவனங்கள் தங்கள் வேலைகளை நிர்வகிக்கப் பயன்படுத்தும் மென்பொருள் தளமான சர்வீஸ்நவ்வின் ரிஸ்க் அண்ட் கம்ப்ளையன்ஸ் (ஆபத்தும் விதி இணக்கமும்) சான்றிதழ் தேர்வுக்கு, அதாவது சிஐஎஸ்-ஆர்சிக்கு, எப்படிப் படிப்பது என்று யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். டம்ப் (தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பு) வாங்கி உருப்போடு, இல்லையென்றால் பிடிஐ (பழகிப் பார்க்க சர்வீஸ்நவ் தரும் தனி நகல்) எடுத்து நீயே செய்து பார். நான் முதல் வழியில் கிளம்பி, பாதியில் இரண்டாவதற்குத் தாவியவன். அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

டம்பில் என்ன வசதி என்று சொல்லவே வேண்டாம், போனில் படுத்துக்கொண்டே படிக்கலாம். அசல் தேர்வுக் கேள்விகள் என்று சொல்லி விற்பதைப் பயன்படுத்துவது விதிமீறல், பிடிபட்டால் சான்றிதழே போகலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் மாறியதற்குக் காரணம் நேர்மை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். எரிச்சல்தான் காரணம்.

டம்ப் சீக்கிரம் கெட்டுப்போகிறது. சர்வீஸ்நவ் வருடத்துக்கு இரண்டு வெளியீடு விடுகிறது. டோக்கியோ, யூட்டா, வான்கூவர் என்று அகர வரிசையில் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும், கூடவே உள்ளே இருக்கிற பெயர்களும் மாறும். முன்பு ப்ரொஃபைல் என்று இருந்ததுதான் இப்போது என்டிட்டி, அதாவது துறை, சர்வர் மாதிரி கண்காணிக்க வேண்டிய ஒன்று. பாலிசி ஸ்டேட்மென்ட் என்று இருந்தது கன்ட்ரோல் அப்ஜெக்டிவ், அதாவது பின்பற்ற வேண்டிய பொதுவான தேவை. என் டம்பில் நாலு பெயரும் இருந்தன, யாரோ பழசையும் புதுசையும் ஒன்றாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள். நான் ப்ரொஃபைல் வேறு, என்டிட்டி வேறு என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன்! இது போதாதென்று ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடை. எது சரி என்று பார்க்கத்தான் முதன்முதலாக பிடிஐயைத் திறந்தேன், அப்புறம் டம்ப் பக்கம் போகவில்லை.

பிடிஐ இலவசம். ஜிஆர்சி (நிர்வாகம், ஆபத்து, இணக்கம்) ப்ளக்-இன்களை டெமோ டேட்டாவோடு ஏற்றிவிட்டால் விளையாட ஒரு மைதானம் தயார். ஒரு என்டிட்டி டைப் (ஒரே வகை என்டிட்டிகளின் தொகுதி) உருவாக்கி, எவை அதில் சேரும் என்று ஒரு ஃபில்டர் போட்டு, கன்ட்ரோல் அப்ஜெக்டிவோடு இணைத்தால், ஒவ்வொரு என்டிட்டிக்கும் ஒரு கன்ட்ரோல், அதாவது அந்தத் தேவையை அங்கே கண்காணிக்கும் ஒரு பதிவு, தானாக முளைக்கும். படித்தால் இது ஒரு வரி. நான் ஃபில்டரில் நிபந்தனை போட மறந்து டேபிள் மொத்தத்தையும் இழுத்துவிட்டேன், கன்ட்ரோல் பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. அந்தக் கூத்துக்குப் பிறகு என்டிட்டி ஃபில்டர் என்ன வேலை செய்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கன்ட்ரோல் டிராஃப்ட், அட்டெஸ்ட், ரிவ்யூ, மானிட்டர் என்று நிலை நிலையாக நகர்வதும் அப்படித்தான். கன்ட்ரோல் ஓனராக (அதற்குப் பொறுப்பானவராக) இம்பர்சனேட் செய்து, அதாவது அவர் பெயரில் உள்ளே போய், கன்ட்ரோல் நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்கும் அட்டெஸ்டேஷனில் "நடைமுறையில் இல்லை" என்று பதில் கொடுத்துப் பாருங்கள். கன்ட்ரோல் நான்-கம்ப்ளையன்ட் (இணங்காதது) ஆகும், சரிசெய்யச் சொல்லி ஒரு இஷ்யூ திறக்கும். கன்ட்ரோலைச் சோதிக்கும் இண்டிகேட்டர் தோற்றாலும் இதே கதைதான். தேர்வில் "சரியான இரண்டைத் தேர்ந்தெடு" வகைக் கேள்விகள் வரும், ஒன்று சரி ஒன்று தப்பு என்றால் பாதி மதிப்பெண் கிடையாது. அங்கே பாதி ஞாபகம் உதவாது.

பிடிஐயிலும் தொல்லை உண்டு. பத்து நாள் தொடாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், செய்து வைத்ததெல்லாம் போய்விடும், ஆகவே காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டோர் ஆப்கள் எல்லாமும் அதில் கிடைக்காது. ஆபத்தை மதிப்பிடும் அட்வான்ஸ்டு ரிஸ்க் பக்கம் நான் கை வைத்தது குறைவு, அதனால் அந்தப் பகுதிக்கும் பிடிஐ மட்டும் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பயிற்சி வகுப்புக் குறிப்புகளைத்தான் அங்கே நம்பினேன். வெறுமனே மனப்பாடம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. உதாரணமாக, ஒரு அசம்பாவிதம் ஒரு முறை நடந்தால் ஆகும் இழப்பை வருடத்துக்கு எத்தனை முறை நடக்கும் என்பதோடு பெருக்கினால் வருடாந்திர இழப்பு. 1000 இழப்பு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்றால் 500. இதற்கெல்லாம் பிடிஐயைத் திறப்பது வெட்டி வேலை, ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.

சான்றிதழ் வாங்கியதோடு வேலை முடியாது, அதைத் தக்கவைக்க, புது வெளியீட்டில் மாறியதைக் கேட்கும் டெல்டா தேர்வு என்று ஒன்று இருக்கிறது. டம்பை நம்பியவர் அதற்கும் புதிதாக ஒரு டம்ப் தேட வேண்டும். நான் பிடிஐயைப் புது வெளியீட்டுக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே பழகிய திரைகளில் எது நகர்ந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன்.

கடைசி இரண்டு நாளுக்கு நேரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பது நல்லதுதான், நானும் எழுதினேன். விதிக்கு உட்பட்ட மாதிரித் தேர்வாக, எந்த வெளியீட்டுக்கு எழுதப்பட்டது என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். ப்ரொஃபைல் என்ற சொல் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.