வியாசர்பாடி ஒற்றை அறை வீடு, 14,000 ரூபாய், ஒரு குழந்தை: இரண்டு வருஷத்துக்கு மேல் புழங்கிய பிறகு எழுதுவது

என் மகள் 2023 ஆகஸ்டில் பிறந்தாள். எங்கள் வீடு வடசென்னை வியாசர்பாடியில் தரைத்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஓரத்தில் சமையல் மேடை, வெளியே பொதுக் கழிப்பறை. மேலே வீட்டுக்காரம்மா குடும்பம். என் வீட்டுக்காரர் வள்ளலார் நகர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். ஏழாம் மாதம் சீட்டு எடுத்த 10,000, டப்பாவில் இருந்த 4,000, ஆக 14,000 ரூபாய்தான் கையில். என்ன வாங்கினோம் என்பதைவிட, வாங்கியது எவ்வளவு நாள் உழைத்தது என்பதுதான் இன்னொருத்தருக்குப் பயன்படும். அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போய் குட்டிக் குட்டி உடுப்பு, மெத்தை, தொப்பி எல்லாம் பார்த்துவிட்டு ஆசையோடு வந்தேன். என் மாமியார் ஒரே பேச்சில் நிறுத்தினார். "பொறக்கறதுக்கு முன்ன புதுசு வாங்கக் கூடாதும்மா. மொதல்ல பழசுதான் போடணும். நீ வீட்டப் பாரு, செவுரப் பாரு." எனக்கு அன்று கோபம். அவர் சொன்ன சாஸ்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் பலமுறை துவைத்த பழைய பருத்தித் துணி எவ்வளவு மெதுவாக இருக்கும் என்று தையல்காரிக்குத் தெரியும். புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். சுவரைப் பற்றி அவர் சொன்னதும் சரிதான். கடைசியில் 6,200 ரூபாய் வீட்டுக்கும், 3,400 குழந்தைப் பொருளுக்கும் போனது. மீதி 4,400-ஐ ஆஸ்பத்திரிக்குப் போய்வர, அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்தோம்.

சாக்கடைப் பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பூசணம் வாடை அடிக்கும். கெட்டுப்போன பூச்சைத் தட்டிவிட்டு, தண்ணீர் தடுக்கும் மருந்து கலந்து சிமென்ட் பூசி, மேலே டிஸ்டெம்பர் வேண்டாம் என்று சுண்ணாம்பு அடித்தோம். கூலியோடு 2,800 ஆனது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், பூசணமும் சீக்கிரம் பிடிக்காது. தட்டுகிற இரண்டு நாளும் நான் என் அம்மா வீட்டில் இருந்தேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. நிறைய வீடுகளில் கர்ப்பிணியே உட்கார்ந்து சுரண்டுவதைப் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூச்சு அந்த டிசம்பர் வெள்ளம் வரை நன்றாக நின்றது. அதற்குப் பிறகு கீழே ஒரு முழம் அளவுக்கு ஓதம் திரும்ப வந்தது, 900 ரூபாய் செலவழித்து அந்த இடத்தை மட்டும் பூசினோம். இன்னும் அறையில் அந்தப் பழைய வாடை இல்லை. மொத்தச் செலவில் நான் கொஞ்சமும் வருத்தப்படாத செலவு இதுதான்.

கொசுவுக்கு ஜன்னலிலும் கதவிலும் நைலான் வலை. ஒட்டும் வெல்க்ரோ பட்டையோடு 1,100. அந்தப் பட்டை ஏமாற்றிவிட்டது. நம்ம ஊர் வெக்கையில் பசை இளகி, எட்டாவது மாதம் மூலை மூலையாகக் கழன்றது. பிறகு ரீப்பர் கட்டை வைத்து ஆணி அடித்தோம், அசையவில்லை. முதலிலேயே அதைச் செய்திருந்தால் 400 ரூபாய் மிச்சம். வலை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். டெங்கு கொசு பகலில் கடிக்கிறது, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை போடுகிறது. வடசென்னையில் டிரம், குடம் இல்லாத வீடு ஏது? பழைய பாவாடைத் துணியில் எலாஸ்டிக் வைத்து ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மூடி தைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலாஸ்டிக் மாற்றினால் போதும், துணி இன்றுவரை அதே துணி. வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

இனி தூளி. இதைக் கொஞ்சம் நிறைய எழுதப் போகிறேன், ஏனென்றால் அதிகம் புழங்கியதும் அதிகம் பயந்ததும் இதற்குத்தான்.

எங்கள் அறையின் மேல்தளத்தில் ஏற்கெனவே ஒரு கம்பி வளையம் இருந்தது, துருப்பிடித்தது. "அதுல நாங்க ரெண்டு புள்ளைய ஆட்டிட்டோம்" என்றார் வீட்டுக்காரம்மா. என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் கடையில் புதுக் கொக்கி செய்து, ஆள் வைத்துத் தளத்தில் பொருத்த 350 ஆனது. பொருத்திய பிறகும் அவர் விடவில்லை. ரேஷன் அரிசி, கடை அரிசி எல்லாம் சேர்த்து 25 கிலோ மூட்டை கட்டி, ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். காலையில் கொக்கியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சேலை கட்டினோம். ஸ்பிரிங் வாங்கச் சொன்னார்கள், வாங்கவில்லை. என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, நல்ல கயிறு, துணி முகத்தை மூடாமல் விரிந்திருக்க நடுவில் ஒரு கம்பு. அவ்வளவுதான்.

பிரசவ வார்டில் ஒரு நர்ஸம்மா சொன்னது மனசில் நின்றது: குழந்தை தூங்க வேண்டியது சமதளத்தில், மல்லாந்து, தலையணை இல்லாமல். தூளியில் கழுத்து மடிந்துவிடலாம். அதனால் ராத்திரி முழுக்க பாயில், என் பக்கத்தில். தூளி பகலில், யாராவது கண் வைத்துப் பார்க்கும்போது மட்டும். தையல் மெஷினுக்கும் தூளிக்கும் இரண்டடி தூரம், காலால் பெடல், கையால் தூளிக் கயிறு. அவள் கையூன்றி எழும்பத் தொடங்கியதும், எட்டாம் மாதம், அவிழ்த்துவிட்டோம். சும்மா தொங்க விடாதீர்கள், பெரிய பிள்ளைகள் விளையாடி கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். சேலை இரண்டு இடத்தில் நைந்தது. கொக்கி அப்படியே இருக்கிறது.

குழந்தைக்குத் துணி நாப்கின் தைத்தது நானேதான். அப்பாவின் மூன்று பழைய எட்டு முழ வேட்டி. ஒரு வேட்டியில் இரண்டடிச் சதுரமாக 12 வரும், ஆக 36. ஓரம் மடித்துத் தைத்தால் தடித்துப்போய் தொடையில் உரசும், அதனால் மடிக்காமல், நூல் பிரியாதபடி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் போட்டேன். ஜப்லாவுக்கும் அப்படித்தான், தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பட்டன் கூடாது, நாடா போதும். 36 போதும் என்று நினைத்தேன். வெயில் காலத்துக்குப் போதும், மழைக்குப் போதாது. முதல் மாதம் ஒரு நாளைக்கு 15 நனையும், அடைமழையில் காய இரண்டு நாள் ஆகும். இன்னொரு வேட்டியும் கிழித்து 48 ஆக்கினேன். மழைக்கு முன்னால் குழந்தை பிறக்கிறவர்கள் 50 என்றே கணக்கு வையுங்கள். சோப்பு போக மூன்று தண்ணீர் அலச வேண்டும், வாசனை லிக்விட் வேண்டாம். டயப்பர் ஒரு பாக்கெட் மட்டும் 400 ரூபாய்க்கு வாங்கி, தடுப்பூசிக்குப் போகும் நாளுக்கும் அவசரத்துக்கும் வைத்தோம்.

ரப்பர் ஷீட் இரண்டு வாங்கியதில் வெயிலில் காயப்போட்டது ஆறே மாதத்தில் வெடித்தது. நிழலில் உலர்த்தியது இன்னும் மெஷினுக்கு அடியில் கிடக்கிறது. குடை மாதிரி மடக்கும் கொசுவலை 450 ரூபாய், ஐந்தாம் மாதம் கம்பி ஒடிந்து வெளியே நீட்டியது, தூக்கிப்போட்டேன். டிஜிட்டல் தெர்மாமீட்டர் 180 ரூபாய், இன்றும் சரியாகக் காட்டுகிறது. பவுடர், கண் மை, கிரைப் வாட்டர் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. நர்ஸம்மா மூன்றுமே வேண்டாம் என்றார். சாம்பிராணிக்கு மாமியாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. "பத்தடி ரூம்ல பொகை போட்டா அவளுக்குத்தான் மூச்சு முட்டும் அத்தை" என்றேன். வாசலில் போட்டு, துணிக்கு மட்டும் காட்டிக்கொண்டார்.

என் தம்பி ஆசையாக 1,100 ரூபாய்க்கு வாக்கர் வாங்கி வந்தான். எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு படி. மூன்றாம் நாள் படி விளிம்பு வரை உருண்டு போய்விட்டாள், என் வீட்டுக்காரர் பாய்ந்து பிடித்தார். கனடாவில் 2004-லேயே இதை விற்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நடை பழகவும் இது உதவாது. யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, சக்கரத்தைக் கழற்றி உடைத்துப் போட்டோம். பரிசு கொடுக்க நினைக்கும் உறவுக்காரர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: துணி சோப்பு, முட்டை, பழம்.

அரசாங்கத்திலிருந்து கிடைப்பதை விடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும், மீதி பணம் தவணை தவணையாகக் கணக்கில் ஏறும். தவணை என்பதால் அதை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கக் கூடாது. பதியும்போது தரும் பிக்மி எண்ணைப் பத்திரமாக வையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கு 16 பொருள் கொண்ட குழந்தைப் பெட்டகம் 2015-லிருந்து தருகிறார்கள். எனக்குக் கிடைத்ததில் துண்டும் பையும் இன்றும் ஓடுகின்றன. டிஸ்சார்ஜ் ஆனதும் 102 வண்டியில் இலவசமாக வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சோதனை 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல். குழந்தைக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினாலே எங்கள் பக்கம் துண்டித்துப்போகும், அன்று தெருவே நிரம்பியது. 4-ம் தேதி கழிவுநீரோடு வெள்ளம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது கரண்ட் இல்லை. அவளைத் தூளியில் போட்டு மாமியார் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, நானும் அவரும் மெஷின் மோட்டாரைக் கழற்றி, அரிசி, துணி எல்லாவற்றையும் பலகையில் ஏற்றினோம். அந்தப் பலகை பிரசவத்துக்கு முன் 1,000 ரூபாய்க்கு அடித்தது. நான் அப்போது நாப்கின் அடுக்க என்றுதான் கேட்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் தரையில் வைக்க ஓரிடமில்லை, அந்த ஒரு கொக்கியில் என் பிள்ளை உலர்ந்து தூங்கினாள். தடுப்பூசி அட்டையும் பிக்மி ரசீதும் பிளாஸ்டிக் கவரில் சுவரில் தொங்கின. வேலை முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம்.

மாடியில் நான்கு நாள். பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தது. நான் அவளுக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்காததால், எனக்குச் சாப்பாடு கிடைத்தால் அவளுக்குக் கிடைத்த மாதிரி. வீட்டுக்காரம்மா தன் பங்கு முட்டையையும் எனக்கு வைத்தார். நாப்கின் ஒன்றும் காயவில்லை, ஒதுக்கி வைத்த டயப்பரில் 14 இருந்தன, அதை எண்ணி எண்ணிப் போட்டோம். அதற்குப் பிறகு டயப்பர் 20-க்குக் குறையாமல் பலகையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மழைக்காலத்தில் மட்டும்தான் அது, ஆனால் கட்டாயம்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்? வெல்க்ரோவும் குடை வலையும் வாங்க மாட்டேன். அந்தப் பணத்தில் இன்னொரு பலகை அடிப்பேன், முதல் பலகையைவிட ஓரடி உயரமாக. கட்டிலை ஆரம்பத்திலேயே இரண்டு செங்கல் மேல் தூக்கியிருப்பேன், நாங்கள் வெள்ளத்துக்குப் பிறகுதான் தூக்கினோம். துணி அலச மட்டும் தனி டிரம் ஒன்று வைத்திருப்பேன், தண்ணீர் வராத நாளில் நாப்கின் அலசவா சமைக்கவா என்று திண்டாடிய காலைகள் நிறைய.

48 நாப்கினில் இப்போது 31 மிஞ்சியிருக்கிறது. எதிர்வீட்டு அண்ணியின் மருமகளுக்கு எட்டு மாதம், போன வாரம் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து மடித்துக் கொடுத்தேன். சுங்குடிச் சேலையையும் கேட்டார், நைந்த இடத்தைக் காட்டி வேண்டாம் என்றேன். கொக்கி அதே வெல்டிங் கடையில் செய்யச் சொன்னேன். நேற்று சாயங்காலம் அவர் மகன் தோளில் ஒரு அரிசி மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தான். "இன்னிக்கு ராத்திரி தொங்கட்டும்க்கா, காலைல வந்து நீயும் ஒருதபா பாரு" என்றான்.