போர் மோட்டாருக்கு வயர் வாங்கப் போறீங்களா? 18,600 ரூபாயைத் தொலைத்தவன் எழுதுகிறேன்

18,600 ரூபாய். 120 மீட்டர் தட்டை வயருக்கு எண்ணிக் கொடுத்த காசு. வயர் சுருட்டி மூலையில் கிடக்கிறது, மோட்டார் காயில் கருகி மேலே வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தோட்டத்து வீட்டில் ஒன்றரை எச்பி சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள், அதாவது தண்ணிக்குள்ளேயே இருந்து ஓடும் மோட்டார். 290 அடியில் தொங்குகிறது, போரிலிருந்து பேனல் பெட்டிக்கு இன்னொரு 100 அடி. பழைய வயர் பைப்பில் உரசி உரசித் தோல் கிழிந்துவிட்டதால் மாற்ற வேண்டியிருந்தது. மோட்டாரில் ஒரு குறையும் கிடையாது. இதை மனதில் வையுங்கள், கடைக்காரன் பிறகு எதையெல்லாம் சொல்லப் போகிறான் பாருங்கள்.

டவுனில் இருக்கும் எலக்ட்ரிகல் சாமான் கடை. பல்பு, ஸ்விட்ச் எல்லாம் அங்கேதான் வாங்குவோம். மூன்று கோர் (உள்ளே மூன்று தனித்தனிக் கம்பி), 4 ஸ்கொயர் (ஒவ்வொரு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 சதுர எம்எம்), சுத்தமான செம்பு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். மீட்டர் 155 என்றான். உள்ளே இருந்து ஒரு முழத் துண்டைக் கொண்டுவந்து முனையைச் சீவிக் காட்டினான். கம்பி செக்கச்செவேலென்று இருந்தது. அதோடு விடவில்லை. மல்டிமீட்டரை எடுத்து அந்தத் துண்டின் இரண்டு முனையிலும் வைத்தான். பீப் என்று கத்தியது, திரையில் சுழி. "பார்த்துக்கோங்ண்ணா, ரெசிஸ்டன்ஸே இல்ல. உங்களுக்குப் போய் டூப்ளிகேட் கொடுப்பனுங்களா?" என்றான். மீட்டர் வைத்தே காட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? 18,600-ஐயும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இறக்கிய அன்றைக்கே மோட்டார் முனக ஆரம்பித்தது. போட்டால் உறுமும், தண்ணீர் வராது, ஓவர்லோடு ட்ரிப் ஆகும். மதியத்தில் எப்படியோ ஓடும், சாயங்காலம் லைனில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினால் அசையாது. போன் போட்டேன். "ஈபி லைன் வீக்குங்ண்ணா, லைன்மேனைப் பாருங்க." லைன்மேன் வந்து பார்த்தார், பேனலில் 220 இருக்கிறது. மறுபடி போன். "அப்ப மோட்டார்தானுங்க, பழசாயிருச்சு." நேரில் போனால் கடைப் பையன், முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றான். உள்ளே அவன் குரல் கேட்கிறது!

கடைசியில் பிடித்துவிட்டேன். அப்போது சொன்னதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது. "வயர் நீளமா போனா ரெசிஸ்டன்ஸ் ஏறத்தானுங்ண்ணா செய்யும். இது சயின்ஸ்."

சயின்ஸாம். சரி, சயின்ஸையே பார்ப்போம். நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, கம்பி பருமனானால் தடை குறையும். பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அதே 390 அடிக்கு அதே மோட்டாரைப் பழைய வயர் இத்தனை வருஷம் ஓட்டியதே, அப்போது நீளம் எங்கே போயிருந்தது?

காயில் கட்டுகிற அண்ணன்தான் உடைத்துக் காட்டினார். வயரின் ஒரு முனையில் இரண்டு கோரைச் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் மீட்டர் வைத்தார். கரண்ட் போக 120, திரும்பி வர 120, ஆக 240 மீட்டர். நிஜமான 4 ஸ்கொயர் செம்பு என்றால் ஏறத்தாழ 1.2 ஓம் வர வேண்டும். வந்தது 3 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் நல்ல வயரில் 12 வோல்ட் போகும், இதில் 30 வோல்ட் போகிறது. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. கிளம்பும்போது மோட்டார் நாலைந்து மடங்கு இழுக்கும், அப்போது வயர் விழுங்குவதும் அதற்கேற்ப எகிறும். அப்புறம் முனகாமல் என்ன செய்யும்?

பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு! இழைகளை எண்ணினார். 0.3 எம்எம் இழை என்றால் 4 ஸ்கொயரில் 56 இருக்க வேண்டும், இதில் 36. அது 2.5 ஸ்கொயருக்கு உண்டான கணக்கு. தோலைத் தடியாக ஊற்றிப் பருமன் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு முழத் துண்டு மீட்டரில் ஏன் சுழி காட்டியது என்று அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு குட்டித் துண்டில் போலி வயருக்கும் ஓமில் நூறில் ஒரு பங்குகூட வராது, சாதா மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. நீளத்தில்தான் திருட்டு வெளிச்சத்துக்கு வரும். அவனுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் துண்டை வைத்துக் காட்டினான்.

இதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினால் பில்லை எடுக்கச் சொன்னான். "இதுல 4 ஸ்கொயர்னு எங்கீங்க இருக்கு?" நிஜம்தான், 'வயர் 120 மீ, 18,600' என்று மட்டும் எழுதியிருக்கிறான். திட்டம் போட்டே எழுதியிருக்கிறான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், காயில் பட்டறையிலிருந்து கூப்பிடுகிறார்கள், அவசரத்துக்கு இவ்வளவுதான். துண்டை நம்பாதீர்கள், முழுச் சுருளையும் மேலே சொன்ன மாதிரி முறுக்கி அளக்கச் சொல்லுங்கள். மீட்டரின் இரண்டு முள்ளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். வயர் மேல் இருக்கும் ஐஎஸ்ஐ லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். பில்லில் கம்பெனி, ஸ்கொயர், செம்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள், மறுத்தால் அடுத்த கடை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கோபத்தில் வயரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.