ஸ்கெக் உடைந்த எஞ்சினை வெல்டிங்குக்குக் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பைபர் போட் என்னுடையது. 40 குதிரைவலு எஞ்சின். வைகாசியில் சல்லிப் பக்கம் கரைக்கு வரும்போது தண்ணீருக்குள் கிடந்த பாறையில் எஞ்சின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற கீழ்ப் பகுதி, அடிபட்டது. தூக்கிப் பார்த்தால் ஸ்கெக்கில் உள்ளங்கை அளவு துண்டைக் காணவில்லை.

ஸ்கெக் என்றால் புரொப்பெல்லருக்குக் கீழே மீன் செட்டை மாதிரி நிற்கிற பகுதி. கியர் பெட்டியும் அதுவும் ஒரே அலுமினிய வார்ப்பு. போட் நேராக ஓடுவதற்குச் சுக்கான் போல உதவுவதும், தரை தட்டினால் புரொப்பெல்லருக்கு முன்னால் அடியைத் தான் வாங்குவதும் அதுதான். அது உடைந்த நாளிலிருந்து வேகம் கூட்டினால் கைபிடி ஒரு பக்கமாக இழுத்தது. சீசன் நேரம், போட்டில் குழந்தைகளும் வருவார்கள். அப்படியே விட மனமில்லை.

டவுனில் ஒரு வேலைத்தளத்துக்குக் கொண்டுபோனேன். "அண்ணன், தகடு வெட்டி ஆர்கன் வெல்டிங் பிடிச்சு, மேல ஸ்டெயின்லெஸ் கவர் போட்டுத் தாறன். இனிப் பாறையில ஏறினாலும் ஒண்டும் நடக்காது" என்றார் அங்கிருந்தவர். கேட்டது 45,000 ரூபாய். கொடுத்தேன். பில் கேட்டதற்கு, பிறகு தருவதாகச் சொன்னார். இரண்டு நாளில் எஞ்சின் வந்தது. கறுப்புப் பெயின்ட், பளபளவென்று கவர். பார்த்ததும் மனம் நிறைந்துபோயிற்று.

மூன்று கிழமை கழித்து கியர் ஒயில் மாற்றுவதற்காகக் கீழ்த் திருகாணியைத் தளர்த்தினேன். முதலில் தண்ணீர் வடிந்தது. பிறகு பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில். நெஞ்சு பகீரென்றது.

கிண்ணியாவில் எஞ்சின் திருத்துகிற வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஓடினேன். முதல் வேலையாகக் கவரைக் கழற்றினார். உள்ளே வெள்ளைத் தூள் கொட்டியது. தூளுக்குக் கீழே பேஸ்ட். பேஸ்டைச் சுரண்டினால் புற்று மாதிரித் துளை விழுந்த ஒட்டு, அதன் நடுவே வெடிப்பு. விரலால் ஆட்டினார், தகடு ஆடியது. "இது ஆர்கனே இல்ல மகன். சாதாரண வெல்டிங் கூரில பிடிச்சிருக்கிறான்" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் அதன் மேல் படிந்திருக்கும் ஒக்சைட் படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். ஆர்கன் டிக் வெல்டிங்கில் ஏசி மின்சாரம் அந்தப் படலத்தை உடைக்கும், வாயு காற்றை அண்டவிடாது. அதனால்தான் ஒட்டு சுத்தமாக விழும். பெயின்டையும் உப்பையும் உரசி எடுக்காமல், வெடிப்பு ஓரத்தைச் சரிவாக ராவாமல் அவசரத்துக்குப் பிடித்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. ஒயிலை வடிக்காமல், ஒன்றையும் கழற்றாமல் காலில் அப்படியே வெல்டிங் பிடித்திருக்கிறார்கள். புரொப்பெல்லர் தண்டின் ரப்பர் சீல் சூட்டில் கருகிவிட்டது. அந்த வழியாகத்தான் கடல் தண்ணீர் கியருக்குள் போயிருக்கிறது. தண்டில் எர்த் கிளிப், அதாவது வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகிற வயரின் கவ்வி, மாட்டிய சூட்டு அடையாளமும் இருந்தது. அப்படி மாட்டினால் மின்சாரம் பெயரிங் வழியாகத்தான் பாயும். என்னுடைய பெயரிங்கில் புள்ளி புள்ளியாகக் குழி. சீல், பெயரிங் எல்லாமே புதிதாகப் போடவேண்டி வந்தது. பத்து நாள் போட் கரையில் கிடந்தது, அதுவும் ஆனி மாதத்தில்.

கவரைப் பற்றியும் சொல்லவேண்டும். கவர் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். நடுவில் சீலன்ட் பூசிப் பிரிக்கவேண்டும். எனக்குப் பூசவில்லை. போதாக்குறைக்கு, அரிப்பைத் தன்மேல் வாங்கவேண்டிய சிங்க் கட்டிக்கும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பெயின்ட் அடித்த சிங்க் கட்டி வேலை செய்யாது. இன்னொன்று, பலத்த அடி விழும்போது ஸ்கெக் நுனி உடைந்துபோவதே சில நேரம் நல்லது. கவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அந்த அடி மேலே ஏறிக் கியர் பெட்டியையே வெடிக்க வைக்கலாம். "பாறையில ஏறினாலும் ஒண்டும் நடக்காது" என்பது முழுப் பொய்.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கள் திரும்பவும் பாறையில அடிச்சிருப்பீங்கள்" என்றார். பில் இல்லாததால் மேற்கொண்டு பேச என் கையில் ஒன்றுமில்லை.

நீங்கள் கொடுப்பதானால், கால் கழற்றப்படுகிறதா, ஒயில் வடிக்கப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எர்த் கிளிப்பை ஸ்கெக்கிலேயே மாட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்குமுன், கவர் போடுமுன் வெறும் ஒட்டைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். காட்ட மறுத்தால் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பில் கையில் வராமல் முழுக் காசையும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கவர் போட்டவர்கள் இந்தக் கிழமையே கழற்றிப் பாருங்கள், கியர் ஒயிலையும் பாருங்கள். கழற்றிய என் கவரும் அந்த வெடித்த தகடும் நிலாவெளியில் என் வாடியில்தான் இருக்கின்றன. பின்னேரங்களில் வந்தால் காட்டுகிறேன். ஸ்பானர் இல்லாவிட்டால் எஞ்சினோடு வாருங்கள், சேர்ந்து கழற்றிப் பார்ப்போம்.