பொங்கல் பானை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பொங்கல் பானைக்கு இப்போதே ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன தையில் எங்களுக்குப் பானை விற்ற அதே ஆள், பக்கத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடியும் ஃபேஸ்புக்கில் நேரலை போடுகிறார். குரலை மறக்க முடியுமா? எங்கள் புகார் இன்னும் விசாரணைக்கு வரவில்லை என்பதால் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அடையாளம் உங்களுக்கே தெரியும்.

எங்கள் தோட்டம் பால்மரத்திலிருந்து (ரப்பர்) செம்பனைக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பாதிக் குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டன. இருந்தாலும் பொங்கலன்று எல்லாரும் பழைய கோயில் திடலுக்கு வந்துவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பானை, வரிசையாக அடுப்பு. சில வருஷமாகவே எல்லா அடுப்பிலும் எவர்சில்வர் பானைதான். போன முறை கோயில் செயலவை, “இந்தத் தடவை மண்பானை வைப்போம், பிள்ளைகளும் பார்க்கட்டும்” என்று முடிவெடுத்தது. நல்ல முடிவுதான், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த ஆள் சொன்ன வாசகம் இது: “கோலசிலாங்கூர் குயவர் கையால் வனைஞ்ச பானை, அச்சுப் பானை இல்ல.” கோலசிலாங்கூர் என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கே கம்போங் குவாந்தானில் தமிழ்க் குடும்பங்கள் சக்கரம் சுற்றிப் பானை செய்வது ஊரறிந்த விஷயம். மின்மினிப் பூச்சி பார்க்கப் படகுச் சவாரி போகிறவர்கள் அப்படியே குயவர் பட்டறையையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். நேரலையில் ஒரு பெரியவர் பானை வனைகிற காணொளியும் ஓடியது. பானை ஒன்று 45 வெள்ளி (ரிங்கிட்). டவுனில் சாதாரண மண்பானை அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். கைவேலைக்குக் கொடுக்கிற காசுதானே என்று இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பணம் கட்டின. பொருளாளர் அண்ணன் மொத்தமாக அனுப்பினார்.

அந்தக் காணொளியை என் அக்கா மகள் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பெரியவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளில் தெலுங்கு எழுத்து! கோலசிலாங்கூரில் ஏதம்மா தெலுங்கு நோட்டீஸ்? எங்கிருந்தோ எடுத்த காணொளிக்குத் தன் குரலைப் போட்டிருக்கிறார்.

பானைகள் பொங்கலுக்கு முந்தின நாள் மாலைதான் வந்து சேர்ந்தன. தாமதமும் திட்டம் போட்டுத்தான் என்று நினைக்கிறேன், திருப்பி அனுப்ப நேரம் இருக்கக் கூடாதே. பெட்டியைப் பிரித்தால் எல்லாம் செக்கச்செவேல் என்று பளபளத்தன, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோலம். வாய், கழுத்து, வயிறு என ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒன்றைத் தூக்கி, உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு விளிம்பிலிருந்து அடிவரைக்கும் விரலை மெதுவாக இறக்கி, “இங்க பாரு, ஒட்டு” என்றார். சாயத்துக்கு அடியில் மேலிருந்து கீழே நேராக ஒரு தழும்பு. பானையைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்திலும் அதே தழும்பு. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அடி தட்டையாக, ஓரத்தில் கூர்மையாக மடங்கியிருந்தது.

பாட்டி தன் வீட்டுக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். கோலசிலாங்கூரில் நேரில் வாங்கியது, வருஷக் கணக்காக மீன்குழம்பு வைத்துக் கறுத்துப்போனது. வாய் கொஞ்சம் கோணல். உள்ளே விரல் ஓடிய வரிகள் வளையம் வளையமாகத் தெரிகின்றன. அடியில் கைவைத்தால் சின்னச் சின்னத் தட்டைகள், பலகை விழுந்த இடங்கள். விஷயமே அந்த அடியில்தான் இருக்கிறது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு உருண்டை அடி இருக்காது. பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை உருட்டி எடுப்பார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், கனம் எங்கும் சீராகும். உருண்டை அடிக்கு மூலை கிடையாது, தீ பட்டால் சூடு பரவிப் போய்விடும். அச்சுப் பானையின் தட்டை அடியில் சூடு ஓரத்து மடிப்பில் போய் முட்டி நிற்கும். அதுவும் பூச்செடிக்கும் வரவேற்பறைக்கும் என்று செய்த அலங்காரப் பானையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்களுடையதும் அந்த ரகம்தான். இரவோடிரவாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். பூச்சில்லாத மண்பானை தண்ணீரைக் குடிக்கும்போது மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி விடும். இவை ஒரு குமிழிகூட விடவில்லை, மேலே அடித்திருந்தது எண்ணெய்ச் சாயம் போலிருக்கிறது. காலையில் விறகு மூட்டியதும் முதலில் வந்தது சாயம் கருகுகிற வாடை. கோலம் கொப்புளித்து உரிந்தது. பால் பொங்குவதற்கு முன்பே மூன்றாவது அடுப்பில் ‘டப்’ என்று சத்தம். அடி ஓரத்தில் பாதி வட்டத்துக்கு விரிசல், பால் முழுக்க நெருப்பில். அடுத்தது, அதற்கடுத்தது என்று பாதிப் பானைகள் போயின. பொங்கலன்று பானை உடைவது எங்கள் ஆட்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் தலைப்பொங்கல் வைத்த ஒரு பெண் அழுதே விட்டது. மிச்சம் பேர் பாலை எவர்சில்வருக்கு மாற்றி ஒருவழியாகப் பொங்கலை முடித்தோம்.

பொருளாளர் அண்ணன் போன் போட்டார். பதில் என்ன தெரியுமா? “அண்ணே, மண்பானைன்னா உடையத்தான் செய்யும். கையால செஞ்சது மெஷின் மாதிரி இருக்குமா?” எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அச்சில் வார்த்ததைக் கைவேலை என்று விற்றுவிட்டு, அது உடைந்ததும் பழியையும் கைவேலை மேலேயே போடுகிறார். இதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது. கம்போங் குவாந்தானில் மண் மிதித்துச் சூளை போடுகிறவருக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் எங்கள் திடலில் அன்றைக்கு நின்ற பாதிப் பேர், ‘கோலசிலாங்கூர் பானை மட்டம்’ என்றுதான் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அச்சு என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நமக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் லாபு சாயோங் என்கிற சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் கூஜாவே இப்போது பெரும்பாலும் அச்சில்தான் செய்கிறார்கள். சூட்டோடு எடுத்து உமியில் புதைத்துக் கறுப்பாக்குகிற பக்குவம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் ஜில்லென்று இருக்கும், எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்குகூட ஜொகூர் மாச்சாப் பக்கத்துச் சீனச் சூளைகளில் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியதுதான். மங்கு கைவேலையா என்று யார் கேட்டார்கள்? பால் ஒழுகாமல் இருந்தால் போதும். அச்சுப் பானையை அச்சுப் பானை என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் சாயம் பூசாத பானையாகக் கேளுங்கள். கோலமும் மஞ்சள் குங்குமமும் நாமே வைத்துக்கொள்ளலாம், சாயம் பூசியிருந்தால் ஒட்டு தெரியாமல் போய்விடும். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாலைந்து பானைகளைச் சேர்த்து நிறுத்தி எடுத்த படம் இன்னும் நல்லது, கையால் வனைந்தவை அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், அச்சு அசலாக இருக்காது. நேரில் வாங்கினால் விரலால் சுண்டிப் பாருங்கள், நன்றாக வெந்த பானை கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். இதெல்லாம் தெரிந்து வைத்திருக்கிற ஏமாற்றுக்காரர்களும் இருப்பார்கள். ஆகவே வீடியோ அழைப்பில் பட்டறையைக் காட்டச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பத்திரம். உண்மையான குயவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசி வாரத்தில் “எத்தனை வேணும்னாலும் இருக்கு” என்று ஒருவர் சொன்னால் உஷாராகுங்கள். வனைந்த பானை நிழலில் மெதுவாகக் காய்ந்த பிறகுதான் சூளைக்குப் போகும். வருஷக் கடைசி மழையில் காய்வதற்கு இன்னும் நாள் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கையில் வந்த பானையையும் உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அரிசி கழுவிய தண்ணீரைச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். பழக்காவிட்டால் நல்ல பானையும் விரிசல் விடும், அதற்குக் குயவரைக் குறை சொல்ல முடியாது.

புகார் விஷயம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையைப் பதியலாம், கட்டணம் வெறும் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். இணையத்திலேயே பதியலாம். நாங்கள் பதிந்துவிட்டோம். இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம், அதற்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்திலும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் நேரலையை அழித்துவிட்டார். அக்கா மகள் பதிவிறக்கி வைத்திருந்ததால் பிழைத்தோம். நீங்கள் யாரிடம் வாங்கினாலும் விற்பனைப் பேச்சையும், பணம் அனுப்பிய ரசீதையும், வாட்சப் உரையாடலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இதே மாதிரி செக்கச்செவேல் பானை வாங்கி உடைந்தவர்கள் இருந்தால், உடைந்த துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒட்டும் அடியும் தெரிகிற துண்டு ஒன்றாவது வேண்டும். கோயில் பொருளாளரிடம் சொல்லுங்கள், உங்கள் கோரிக்கையைப் பதியவும் நாங்கள் கூட வருகிறோம்.