மலை வீட்டுக்கு ஒரு பட்ஜெட் கேமிங் செட்: ஐ5-12400, எச்610, ஆர்எக்ஸ் 6600 எப்படி?

கோயம்புத்தூரில் கேமிங் கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டால், குறைந்த பட்ஜெட்டில் பெரும்பாலும் இரண்டு செட்தான் சுற்றி வரும். ஒன்று ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசஸர், பி450 அல்லது பி550 மதர்போர்டு. இன்னொன்று இன்டெல் ஐ5-12400, எச்610 போர்டு. இரண்டிலும் 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. 1080பி-யில் கேம் ஆடும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேட்டுப்பாளையம் வரைக்கும் எதை வாங்கினாலும் சரி. கல்லாறு தாண்டி மேலே ஏறிவிட்டால் கணக்கு வேறு. ஒரு பார்ட் ஒத்துவரவில்லை என்றால் அதை மாற்றக் கீழே போய் வர ஒரு முழு நாள் போய்விடும். அதனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்கு எங்கள் ஓட்டு இன்டெல் செட்டுக்கு. வேகம் காரணமில்லை. மாட்டியதும் முதல் தடவையே பூட் ஆகும், ஏதாவது ஒன்று பழுதானாலும் மிச்சம் ஓடும் என்பதுதான் காரணம்.

முதலில் பூட் விஷயம். பி450 போர்டு 2018-இல் வந்தது. ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடையில் தூங்கிக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) இருந்தால் அதற்கு இந்தப் ப்ராசஸரை அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டரில் மட்டும் ஒன்றும் வராது. சரிசெய்ய ஒரு பழைய ரைசன் ப்ராசஸர் வேண்டும், அல்லது பென் டிரைவை மட்டும் செருகிப் பயாஸ் ஏற்றும் பட்டன் போர்டின் பின்பக்கம் இருக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகளில் அந்தப் பட்டனைத்தான் முதலில் வெட்டுவார்கள். "எல்லாம் அப்டேட் ஆகித்தான் வருது சார்" என்று கடையில் சொல்வார்கள். பாதி நேரம் அது உண்மைதான்.

எச்610 போர்டு 12-ஆம் தலைமுறை ப்ராசஸருக்காகவே 2022-இல் வந்தது. எந்த ஸ்டாக்காக இருந்தாலும் 12400 ஓடும். ஆனால் "கொஞ்சம் சேர்த்துப் போட்டா 14400 வாங்கிடலாமே" என்று ஆசை காட்டினால், மேலே சொன்ன அதே பயாஸ் தகராறு இங்கேயும் வரும். 13, 14-ஆம் தலைமுறைக்கு எச்610-இல் புதிய பயாஸ் கட்டாயம். கடையிலேயே மாட்டி, பூட் பண்ணிக் காட்டினால் மட்டும் அதை எடுக்கலாம்.

அடுத்தது, 12400-ஆ, 12400எஃப்-ஆ? எஃப் போட்டதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, விலையும் கொஞ்சம் குறையும். சமவெளியில் இருப்பவர் எஃப் வாங்குவதில் தப்பில்லை. மலையில் எஃப் இல்லாததையே வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எஃப் ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டர் வெறும் பெட்டி. சாதா 12400-இல் யுஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸ் இருப்பதால் ஆன்லைன் கிளாஸ், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். கோளாறு கார்டிலா போர்டிலா என்று கண்டுபிடிக்கவும் அதுதான் கைகொடுக்கும்: கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகிப் பார்த்தால் போதும். ரைசன் 5 5600-இல் இந்த வசதி இல்லை என்பது எங்கள் இரண்டாவது காரணம்.

இதே வசதியால் வரும் ஒரு ஏமாற்றமும் உண்டு. மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் போர்டின் எச்டிஎம்ஐ-யில் செருகிவிடுவார்கள். படம் வரும், விண்டோஸ் ஓடும், கேம் மட்டும் நொண்டும். கார்டு போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் கேபினெட்டின் பின்னால் பாருங்கள். குத்துவாக்கில் இருக்கும் போர்ட்டுகள் போர்டுடையவை. அதற்குக் கீழே படுக்கைவாக்கில் இருப்பவைதான் கார்டுடையவை, கேபிள் அங்கே போக வேண்டும். அதோடு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸ் 60-லேயே நிற்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் நாம்தான் மாற்ற வேண்டும்.

எச்610-இல் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகைப் போர்டு விற்கிறது. பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், டி4 என்ற வால் மட்டும் வேறுபடும். ஒன்றின் ரேம் இன்னொன்றில் ஏறாது, நடு வெட்டு இடம் மாறியிருக்கும். இந்த செட்டுக்கு டிடிஆர்4 போதும்: 8 ஜிபி இரண்டு, 3200 வேகம். எச்610-க்கு 3200-தான் உச்சம் என்பதால் 3600 ரேமுக்குக் கூடுதல் காசு தண்டம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கினால் ரேம் ஒற்றைச் சேனலில் ஓடி, ஃப்ரேம் குறையும். ஆனால் போர்டில் இரண்டே ஸ்லாட் என்பதையும் யோசியுங்கள். பின்னால் 32 வேண்டும் என்றால் இந்த இரண்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும். மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) ஆன் பண்ணுங்கள். பண்ணாவிட்டால் பல ரேம்கள் 2133, 2400, 2666 என்று எதிலாவது நின்றுவிடும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எஸ்எஸ்டி-க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். போர்டிலேயே நேராக மாட்டும் என்விஎம்இ வகையில் 500 ஜிபி, முடிந்தால் 1 டிபி. பெரும்பாலான எச்610 போர்டில் அதை மாட்டும் எம்.2 ஸ்லாட் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்பதால் ஜென் 4 எஸ்எஸ்டி போட்டாலும் ஓடும், ஆனால் ஜென் 3 வேகத்தில்தான்.

மலையில் உண்மையான பொருத்தம் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்-ஐ, அதாவது வீட்டுக் கரண்டைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை. கொட்டேஷனில் கடைசி வரியாக இருக்கும், பட்ஜெட் இடித்தால் முதலில் கை வைப்பதும் அதில்தான். 12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும், ஆர்எக்ஸ் 6600 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வைத்தால் மொத்தம் 300 வாட். 6600-க்கு ஏஎம்டி சொல்வது 450 வாட் எஸ்எம்பிஎஸ். ப்ரான்ஸ் தரச்சான்று உள்ள நல்ல 550 வாட் ஒன்று எடுத்தால் நாளைக்குக் கார்டு மாற்றினாலும் தாங்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" பெட்டியை எடைக்குப் போட்டுவிடுங்கள். கார்டுக்குப் போகும் 8 பின் கேபிள் பெரும்பாலும் அதில் இருக்காது. கன்வர்ட்டர் கொடுத்து ஒப்பேற்றுவார்கள், அந்த இணைப்புதான் முதலில் கருகும்.

வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டு லேபிளில் இரண்டு வரியைப் படியுங்கள். ஒன்று, இன்புட் வோல்டேஜ். விலை குறைந்த மாடல்களில் 200–240 என்று இருக்கும். எஸ்டேட் லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், சாயங்காலம் எல்லாரும் கீசரும் ஹீட்டரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்குவது சகஜம். அந்த நேரத்தில் கேம் நடுவே கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரேமையும் கார்டையும் சந்தேகப்பட்டுக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். 100–240 என்று போட்டதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, உயரம். சில பெட்டிகளில் ஒரு மலைப் படமும் 2000 மீட்டர் என்ற குறிப்பும் இருக்கும், அந்த உயரத்துக்குள் பயன்படுத்தவே வடிவமைத்தது என்று அர்த்தம். காற்றின் அடர்த்தி குறையக் குறைய மின்பொறி தாவுவது சுலபம். அதனால் உயர வோல்டேஜ் பாகங்களுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும். குன்னூர் சுமார் 1850 மீட்டர், பிரச்சினையில்லை. ஊட்டி சுமார் 2240, கொடைக்கானலும் 2000-க்கு மேல்தான். 2000 மீட்டர் மாடலை அங்கே மாட்டியவுடன் வெடித்துவிடாது, ஆனால் பாதுகாப்புக்கு விட்ட இடைவெளியைத் தின்றுகொண்டு ஓடுகிறது. 5000 மீட்டர் என்று போட்ட மாடல்கள் இருக்கும்போது ஊட்டிக்காரர் ஏன் இதை வாங்க வேண்டும்?

யுபிஎஸ் கணக்கும் இங்கேயே. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட். நம் கம்ப்யூட்டர் உச்சத்தில் 300 வாட், எஸ்எம்பிஎஸ்-இன் சொந்த இழப்பைச் சேர்த்தால் பிளக்கில் சுமார் 350, மானிட்டர் ஒரு 25. ஆகக் கூடி 375. கேம் ஆடும்போது கரண்ட் போனால் கூச்சல் போட்டுவிட்டு அதுவும் படுத்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ், விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துபோகும். ஒரு கேமை ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பார்ப்பதுதான் இதற்கு ஒரே சோதனை. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் திறன் குறையும் என்பதால் பேக்கப் நேரமும் பெட்டியில் போட்டதை விடக் குறைவாகவே வரும்.

கூலிங்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைவான வெப்பத்தையே அள்ளும். ஆனால் உள்ளே வரும் காற்றே குளிர்ந்தது என்பதால் லாபம் நம் பக்கம்தான். ப்ராசஸரோடு வரும் கூலர், முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். லிக்விட் கூலர் இந்த பட்ஜெட்டில் அலங்காரம். கேபினெட் வாங்கும்போது கார்டின் நீளம் உள்ளே அடங்குமா என்று மட்டும் பாருங்கள்.

அசெம்பிள் பண்ணும்போது ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலத்தில் காற்று வறண்டு, கம்பளி உரசினாலே சுருக்கென்று ஷாக் அடிக்கும். அந்த ஒரு பொறி ரேமுக்குப் போதும். எஸ்எம்பிஎஸ்-ஐக் கேபினெட்டில் திருகி, பவர் கார்டைச் செருகி, சுவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, பெயிண்ட் இல்லாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான் இது பலிக்கும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். அழுத்தியபின் போர்டைத் திருப்பி, நான்கு ஊசியும் பின்னால் விரிந்து வெளியே நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஏறாவிட்டாலும் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி செட்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு ஒன்று: குளிரில் தெர்மல் பேஸ்ட் இறுகிக் கிடக்கும், காலையில் கூலரை வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, கூலரை மெல்லத் திருகிக் கழற்றுங்கள்.

எச்610 போர்டில் வைஃபை பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் 11 இன்ஸ்டால் ஆகும்போது இன்டர்நெட் கேட்கும், லேன் டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். டிரைவரைக் கடையிலேயே பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனை யுஎஸ்பி-யில் செருகி டெதரிங் போடலாம்.

கீழே அசெம்பிள் பண்ணி எடுத்து வருவதாக இருந்தால், பூட் ஆவதைப் பார்த்தபின் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துவிடுங்கள். பர்லியாறு தாண்டி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் அது ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டே ஆடும். கேபினெட்டைப் படுக்க வைத்து, போர்டு கீழே இருக்கும்படி சீட்டில் வையுங்கள். பார்சலில் அனுப்புவதென்றால் கண்ணாடிக் கதவுள்ள கேபினெட் வேண்டாம்.

மேலே வரும்போது ஈரம் படியாது, கீழே போகும்போதுதான் படியும். குளிர்ந்த கேபினெட்டை மேட்டுப்பாளையத்தின் புழுக்கத்தில் திறந்தால் கண்ணாடி டம்ளர் போல வியர்க்கும். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் மூடியபடியே ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு, பிறகு ஆன் பண்ணச் சொல்லுங்கள். வீட்டில், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கேம் ஆடாவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடு உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும்.

பட்ஜெட் இன்னும் இடித்தால் ப்ராசஸரை ஐ3-12100-க்கு இறக்கலாம். 4 கோர், அதே போர்டு, உள் கிராபிக்ஸும் உண்டு. நாளைக்கு 12400-க்கு மாறுவதும் சுலபம். கார்டை 6500 எக்ஸ்டி-க்கு இறக்காதீர்கள், 4 ஜிபி மெமரி இன்றைய கேம்களுக்குப் பற்றாது. 6600 ஸ்டாக் இல்லை என்றால் ஆர்எக்ஸ் 7600 பாருங்கள். 165 வாட், அதே ஒற்றை 8 பின், மேலே சொன்ன 550 வாட் எஸ்எம்பிஎஸ்-இலேயே ஓடும்.